நிலவறைத் தோட்டமும் குழல்விளக்கும்

எதையும் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொள்பவரை நம்மூரில் 'டியூப் லைட்' என்று கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியில் தொழில்நுட்பப் பிழை ஏதுமில்லை. பழைய வகைக் குழல்விளக்கில் சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் முதலில் ஸ்டார்ட்டர் வழியே ஓடி இருமுனை இழைகளையும் சூடேற்றும். ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள் பிரிகிற கணத்தில் சோக் ஓர் உயர் மின்னழுத்த உந்துதலைக் கொடுக்கும். அதன்பின்பே குழல் இரண்டொருமுறை கண்சிமிட்டிவிட்டு எரியும். அந்தப் பட்டப்பெயர் எனக்கு முற்றிலும் பொருந்துகிறது என்பதை நான் உணர்ந்தது, மிச்சிகன் மாநிலத்தில் கழித்த என் முதற் பனிக்காலத்தில்.

கறிவேப்பிலைச் செடி ஒன்றைக் கோடை முழுவதும் பின்முற்றத்தில் வளர்த்திருந்தேன். அக்டோபரில் உறைபனி அறிவிப்பு வந்ததும் தொட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய், அங்கே கூரையில் பொருத்தியிருந்த இரட்டைக் குழல்விளக்கின் நேர்கீழே வைத்தேன். அறை பட்டப்பகல்போல் இருந்தது. பொடியெழுத்துப் புத்தகத்தையும் தடையின்றி வாசிக்க முடிந்தது. ஆயினும் டிசம்பர் முடிவதற்குள் இலைகள் பழுத்து உதிர்ந்து, செடி வெறுங்குச்சியாக நின்றது. ஆப்பிரிக்க வயலட் மலர்களை நாற்பதாண்டுகளாக வளர்த்துவந்த அண்டைவீட்டு மூதாட்டி வந்து பார்த்தார். தொட்டியைத் தொடவில்லை, மண்ணைக் கிளறவில்லை. கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, விளக்கைச் சங்கிலியில் கட்டிச் செடிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடச் சொன்னார். "அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்றேன். "உங்கள் கண்ணுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து நான் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 100,000 லக்ஸ் ஒளி விழுகிறது. நன்றாக விளக்கேற்றிய அறையில் அது 300 முதல் 500 லக்ஸ். இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டை நம் கண் ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. கருமணியைச் சுருக்கியும் விரித்தும், விழித்திரையின் உணர்திறனை மாற்றியும் இரண்டையும் 'வெளிச்சம்' என்றே அறிவிக்கிறது. இலைக்கு அத்தகைய சமாளிப்பு வாய்க்கவில்லை. செயற்கை ஒளியில் செடி வளர்த்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, கண்ணை நம்பி ஏமாந்ததும் பிறகு திருத்திக்கொண்டதுமே அதன் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றியது. ஏமாந்தது ஒளியின் அளவில் மட்டுமன்று. ஆபத்தும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வடிவிலேயே வந்தது.

தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வில்விளக்கு. இரு கரிமுனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து கண்கூசும் ஒளியைத் தரும் விளக்கு அது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர் வில்லியம் சீமென்ஸ், டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகிலிருந்த தம் இல்லத்துப் பசுமைக்குடிலில் இதை நிறுவி, இரவிலும் செடிகளுக்கு ஒளியூட்டிப் பார்த்தார். முடிவுகளை 1880-ல் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். செடிகள் இரவும் பகலும் வளர்ந்தன. ஆனால் மறைப்பில்லாத விளக்கைக் குடிலுக்குள்ளேயே வைத்தபோது இலைகள் வாடின. இடையே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்ததும் அத்தீங்கு நின்றது. பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிபர்ட்டி ஹைட் பெய்லி இதையே விரிவாக ஆராய்ந்து 1891-ல் அறிக்கை வெளியிட்டார். கீரைவகைகளில் சில விரைந்து வளர்ந்தன, சில காலத்துக்கு முன்பே பூத்துக் கெட்டன. மறைப்பற்ற விளக்கு இங்கும் இலையைக் கருக்கியது. இருவர் கண்ணுக்கும் தட்டுப்படாத அக்குற்றவாளி புறஊதாக் கதிர். சாதாரணக் கண்ணாடி அதன் கொடிய பகுதியைத் தடுத்துவிடும். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும்.

அடுத்து வந்த எடிசன் மரபு இழைபல்பு பாதுகாப்பானது, மலிவானது. ஆனால் அது வாங்கும் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். செடிக்குப் போதுமான ஒளி கிடைக்கும் அளவுக்கு நெருங்கினால் இலை வெந்துவிடும், வேகாத தொலைவில் வைத்தால் ஒளி போதாது. வீட்டுக்குள் செடி வளர்ப்பது செல்வர்களின் கண்ணாடிக் குடில்களோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழல்விளக்கு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதன் முன்னோடிகள் பலர். பெர்லினில் எட்மண்ட் ஜெர்மரும் உடனிருந்தோரும் 1926-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டனர். எனினும் கடைக்கு வரத்தக்க வடிவத்தை அதற்களித்தது, கிளீவ்லாந்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் நீலா பார்க் ஆய்வகத்தில் ஜார்ஜ் இன்மன் தலைமையில் இயங்கிய குழு. 1938-ல் விற்பனைக்கு வந்தது. இதன் இயக்கம் விந்தையானது. குழலுக்குள் சிறிதளவு பாதரச ஆவியும் ஆர்கானும் இருக்கும். மின்னோட்டம் பாதரசத்தைத் தூண்ட, அது வெளியிடுவது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாத, உயிர்களுக்குக் கேடான கதிர் அது. குழலின் உட்சுவரில் பூசிய ஒளிர்பொடி அதை விழுங்கிக் கட்புலனாகும் ஒளியாக மாற்றித் தருகிறது. தப்பிப் பிழைப்பதைக் கண்ணாடி தடுத்துக்கொள்கிறது. சீமென்ஸும் பெய்லியும் இடையில் வைத்த கண்ணாடித் தகடு இப்போது விளக்கின் உடலாகவே ஆகிவிட்டது எனலாம். கையால் தொடுமளவுக்கே சூடு. இலையை விரற்கடைத் தொலைவுக்குக் கொண்டுவந்தாலும் கருகாது.

அந்தப் பொடிக்குள் இருந்தது என்ன என்பதுதான் இவ்வரலாற்றின் துயரமான பக்கம். தொடக்ககாலக் குழல்களில் வெண்ணிறம் வேண்டிச் சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று துத்தநாக பெரிலியம் சிலிகேட். உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்க, குழல்விளக்கின் உற்பத்தி பன்மடங்கு பெருகியது. சேலம் நகரில் (நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்) சில்வேனியா நிறுவனத்தின் விளக்குத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மூச்சுத்திணறலும் உடல்மெலிவுமாக நோயுற்றனர். சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நோயாக அது முதலில் கருதப்பட்டது. பெரிலியம் தீங்கற்றது என்று சொன்ன அரசு வெளியீடு ஒன்றும் 1943-ல் வந்திருந்தது. ஹேரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர் அதை ஏற்காமல் தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று விசாரித்தார். வேலையை விட்டு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழிந்த பிறகே நோய் வெளிப்பட்டதைக் கண்டறிந்தார். இர்விங் டேபர்ஷாவுடன் இணைந்து 1946-ல் அவர் வெளியிட்ட கட்டுரை 17 நோயாளிகளைப் பற்றியது. வீட்டில் உடைந்த குழல் கையைக் கிழித்தால் அந்தப் புண் ஆறாமல் முடிச்சிட்டு நின்றதும் தெரியவந்தது. 1949-ல் அமெரிக்க விளக்குத் தயாரிப்பாளர்கள் பெரிலியத்தைக் கைவிட்டனர். நாம் 'மென்மையான வெள்ளொளி' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்கு முதலில் விலை கொடுத்தவர்களின் பெயர் எந்த விளக்குப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

மாற்றுப்பொடி முன்னரே ஆயத்தமாக இருந்தது என்பது இதில் இன்னும் உறுத்துவது. பிரித்தானிய ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் மெக்கீக், ரான்பி இருவரும் 1942-ல் கண்டறிந்த கால்சியம் ஹாலோபாஸ்பேட் அது. ஆன்டிமனி நீலத்தைத் தரும், மாங்கனீஸ் செம்மஞ்சளைத் தரும். இரண்டும் கூடினால் கண்ணுக்கு வெள்ளை. அடுத்த அரைநூற்றாண்டுக் காலம் உலகெங்கும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் எரிந்தவை பெரும்பாலும் இந்தப் பொடி பூசிய குழல்கள்தாம்.

போருக்குப் பிந்தைய அமெரிக்க நிலவறைகளில் இந்த விளக்கின் கீழ் முதன்முதலாகக் குடியேறிய செடி ஆப்பிரிக்க வயலட். இன்றைய தான்சானியாவின் உசாம்பரா மலைகளில் 1892-ல் ஜெர்மானிய அதிகாரி வால்ட்டர் ஃபான் செயின்ட் பால் கண்டெடுத்து அனுப்பியது. மறு ஆண்டே ஹெர்மன் வெண்ட்லாண்ட் அவருடைய குடும்பப் பெயரால் 'செயின்ட்பாலியா' என்று அதற்குப் பெயரிட்டார். மழைக்காட்டுப் பாறையிடுக்கில் மரநிழலில் வாழும் செடியாதலால் அதற்குக் கடும்வெயில் தேவையில்லை. நாற்பது வாட் குழல்கள் இரண்டு, நான்கடி நீளம், செடிக்குமேல் ஓரடிக்குச் சற்றுக் குறைவான உயரம், நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம். இந்த எளிய ஏற்பாட்டில் அது ஆண்டு முழுவதும் பூத்தது. அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் 1946-ல் தோன்றியது. ஃபிரெடரிக், ஜாக்குலின் கிரான்ஸ் தம்பதியர் விளக்கொளித் தோட்டக்கலைக்கென்றே 1957-ல் ஒரு நூல் எழுதினர். பனிக்காலம் ஆறுமாதம் நீளும் ஊர்களில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் இடையே, சன்னலே இல்லாத மூலையில் மலர்ந்த அத்தோட்டங்களைப் பெரும்பாலும் பேணியவர்கள் இல்லத்தரசிகள். எந்த நிறக் குழலை எந்த உயரத்தில் வைக்கலாம் என்பதை ஆய்வகங்கள் சொல்வதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தாங்களே வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டனர்.

ஆய்வகங்களும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவின் பசடேனாவில் ஃபிரிட்ஸ் வென்ட் 1949-ல் தொடங்கிய 'பைட்டோட்ரான்' கூடத்தில், வெப்பமும் ஈரமும் ஒளியும் மனிதன் வைத்தபடி நடக்கும் அறைகளில் குழல்விளக்குகள் வரிசையாக எரிந்தன. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில், வேளாண் துறை ஆய்வகத்தில், போர்த்விக்கும் ஹெண்ட்ரிக்ஸும் குழுவினரும் 1952-ல் வெளியிட்ட சோதனை கதைபோலச் சொல்லத்தக்கது. நனைந்த லெட்டூஸ் விதைக்குச் செவ்வொளி காட்டினால் முளைக்கிறது. உடனே தொலைச்செவ்வொளி, அதாவது நம் கண் கருஞ்சிவப்பாக மங்கலாய்க் காண்பதும் காணாததுமான எல்லையொளி, காட்டினால் முளைப்பதை நிறுத்திவிடுகிறது. மாற்றி மாற்றி எத்தனைமுறை காட்டினாலும் கடைசியாகக் கண்டது எதுவோ அதற்கே விதை கட்டுப்படுகிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமியின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. குழல்விளக்கில் தொலைச்செவ்வொளி மிகக் குறைவு. அதன்கீழ் வளரும் செடி கணுக்கள் நெருங்கிக் குட்டையாக, அடர்ந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். நிழலில் நிற்கும் செடிக்குத் தொலைச்செவ்வொளியே மிகுதியாய்க் கிட்டும், அது வெயிலைத் தேடி நெட்டையாக நீளும்.

1960களின் தொடக்கத்தில் சில்வேனியா நிறுவனம் 'குரோ-லக்ஸ்' என்ற செடிக்குழலை விற்கத் தொடங்கியது. சேலத்துத் தொழிற்சாலையை நடத்திய அதே நிறுவனந்தான். பச்சையம் நீலத்தையும் சிவப்பையுமே பெரிதும் உட்கொள்கிறது, 1882-ல் ஏங்கல்மன் பாசியிழையின்மீது நிறமாலையைப் பாய்ச்சிக் காட்டியதும் அதுவே, ஆகவே அவ்விரண்டையும் மட்டும் கொடுப்போம் என்பது கணக்கு. ஊதாப்பூ நிறத்தில் எரிந்த அந்தக் குழலின்கீழ் இலைகளும் மலர்களும் கண்ணுக்குப் பேரழகாகத் தெரிந்தன. பாருங்கள், இங்கும் கண்தான் விலை கொடுத்தது! டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறவொளியிலும் வைத்து அளந்து 1972-ல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. சிவப்பே முதலிடம், ஐயமில்லை. ஆனால் பயனற்றது என்று தள்ளப்பட்ட பச்சையொளியையும் முழுஇலை கணிசமாகவே பயன்படுத்துகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணினால் போதும் என்ற இன்றைய அளவுமுறை இதிலிருந்து வலுப்பெற்றது. விலை குறைந்த 'குளிர்வெள்ளை'க் குழலின்கீழ்ப் பெரும்பாலான செடிகள் சிறப்புக் குழலின்கீழ் வளர்வதைப் போலவே வளர்ந்தன. மிகுதியான விலை பெரும்பாலும் அழகுக்கே. அது தவறு என்று சொல்லமாட்டேன். வரவேற்பறையில் வைப்பவருக்கு அழகும் ஒரு பயன்.

ஆகவே இன்று கடையில் ஒருவர் குழல் தேர்ந்தெடுப்பதாயின், பெட்டியின்மீதுள்ள 'லூமென்' எண்ணை அளவோடு நம்பலாம். அது மனிதக் கண்ணின் அளவுகோல், பச்சை-மஞ்சளுக்கு மிகை மதிப்பெண் போடும். வெள்ளைக் குழல்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், ஊதாக் குழலோடு ஒப்பிட உதவாது. கெல்வின் எண் நிறச்சாயலைச் சொல்லும். 6500 என்றால் நீலம் மிகுந்தது, நாற்றுக்கும் இலைச்செடிக்கும் ஏற்றது. 3000 என்றால் சிவப்பு கூடியது. இரண்டிலும் ஒவ்வொன்றை இணைத்து மாட்டுவது பழைய வயலட்காரர்களின் வழக்கம், அது கெட்டுப்போகவில்லை. பருமனை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளில் குறிப்பார்கள். டி-12 என்பது ஒன்றரை அங்குலம், டி-8 ஓரங்குலம், டி-5 அதிலும் ஒல்லி. மெலிந்தவை பெரும்பாலும் மின்னணுச் சோக்கில் எரிபவை, அதே மின்சாரத்துக்குக் கூடுதல் ஒளி தருபவை. பழைய டி-12 சட்டத்தில் அளவு பொருந்துகிறதே என்று டி-8 குழலை மாட்டக்கூடாது. சோக்கும் குழலும் ஒன்றுக்கொன்று உரியவையாக இருக்க வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். நாற்றுகளுக்கு மூன்று நான்கு விரற்கடை, வயலட்டுக்கு ஓரடிக்குள். குழலின் நடுப்பகுதியில் ஒளி மிகுதி, முனைகளில் குறைவு. வெயில்விரும்பிகளை நடுவிலும் நிழல்விரும்பிகளை ஓரத்திலும் வைக்க வேண்டும். குழல் மெல்ல மெல்ல மங்குவதைக் கண் உணராது. ஆண்டுக்கொருமுறை மாற்றுவதும், எல்லாவற்றையும் ஒரேநாளில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவதும் நல்லது. இரவு முழுவதும் எரியவிடுவது அன்பன்று. செடிக்கு இருளும் வேண்டும். பத்து டாலருக்குக் கிடைக்கும் ஒரு நேரச்சுவிட்சு அதைப் பார்த்துக்கொள்ளும்.

இனிப் பாதுகாப்பு. தண்ணீரும் மின்சாரமும் ஒரு சாண் இடைவெளியில் வாழும் இடம் இது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்கள்மீது சிறுசிறு மின்னோட்டங்களைச் செலுத்தி, எந்த அளவில் மனிதக் கை பற்றியதை விடமுடியாமல் இறுகிவிடுகிறது என்று அளந்தவர். அவர் 1961-ல் உருவாக்கிய கசிவுமின் துண்டிப்பான் இன்று அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பை அறுத்துவிடும். செடிவிளக்கை அத்தகைய இணைப்பில்தான் செருக வேண்டும். மூன்றாம் முனையை, அதாவது எர்த்தை, வெட்டிவிட்டுச் செருகும் பழக்கம் உயிர்ப்பகை. வயரைச் செருகுமுனைக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலே கொண்டுசென்றால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். தண்ணீர் ஊற்றுமுன் விளக்கை அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழைய சாமான் விற்பனையில் மலிவாகக் கிடைக்கும் விளக்குச் சட்டங்களில் எச்சரிக்கை தேவை. 1979-ல் அமெரிக்காவில் தயாரிப்பு தடைசெய்யப்படும் வரை சோக்குகளின் மின்தேக்கிகளில் பிசிபி என்ற நச்செண்ணெய் இருந்தது. தார்போல் எதேனும் வழிந்திருந்தால் தொடாமல் விலகுவதே அறிவு. கண்ணாடி பளிங்குபோல் தெளிவாக, உள்ளே வெண்பொடி பூச்சின்றி இருக்கும் குழல் கிருமிநாசினி விளக்கு. வடிவத்தில் ஒன்றுபோலிருந்தாலும் அதன் கண்ணாடி புறஊதாக் கதிரை வெளியே விடுவதற்கென்றே செய்யப்பட்டது. செடியின்மீதோ ஆளிருக்கும் அறையிலோ அதை எரிக்கவே கூடாது. சீமென்ஸின் இலைகள் வாடியது நினைவிருக்கட்டும்.

குழல் உடைந்தால்? பெரிலியம் இல்லை, ஆனால் பாதரசம் உண்டு. பழைய பருத்த குழல்களில் சில பத்து மில்லிகிராம் வரை, பிற்காலத்தவற்றில் அதைவிட மிகக் குறைவு. என் நிலவறையில் ஒருமுறை ஏணி சாய்ந்து குழலொன்று தொட்டிகளின்மீதே நொறுங்கியது. குழந்தைகளை மேலே அனுப்பி, சுற்றியனுப்பும் காற்றியந்திரத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் வெளியே நின்றேன். துடைப்பமும் தூசுறிஞ்சியும் அப்பொடியைக் காற்றில் பரப்பிவிடும், ஆகவே அவற்றை எடுக்கவில்லை. கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, எஞ்சிய பொடியை ஒட்டுநாடாவாலும் ஈரக் காகிதத்தாலும் ஒற்றியெடுத்து, மூடியிட்ட கண்ணாடிச் சாடியில் அடைத்தேன். தொட்டி மண்ணின் மேலடுக்கையும் வழித்தெறிந்தேன். சமையலுக்குரிய செடி அது என்பதால் அந்தப் பருவத்து இலைகளைப் பறிக்க மனம் வரவில்லை.

இந்தப் பாதரசமே குழல்விளக்கின் முடிவுக்கும் காரணமாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி-5, டி-8 குழல்களைப் புதிதாகச் சந்தைக்கு அனுப்புவது 2023-ல் நின்றது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் அதே ஆண்டு ஜெனீவாவில் கூடி, குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த இசைந்தன. எல்இடி விளக்குகள் ஏற்கெனவே அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. பழைய சட்டத்திலேயே எல்இடி குழலை மாட்ட விரும்புவோர், அது சோக்கோடு இயங்குவதா, சோக்கை நீக்கி நேரடியாக வயரிணைக்க வேண்டியதா என்று பார்த்தே வாங்க வேண்டும். குழம்பினால் மின்தாக்குதலுக்கோ தீக்கோ இடமுண்டு.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அந்த முதற்பனிக்காலத்தின் மார்ச்சு மாதத்தில், ஒரு சாண் உயரத்தில் தொங்கிய இரட்டைக் குழலின்கீழ், அடித்தூரில் ஒரு செந்தளிர் விட்டது. வெயிலில் வளர்வதுபோல் அது ஒருநாளும் வளர்ந்ததில்லை. பனிக்காலத்தைக் கடத்தியது, அவ்வளவே. இப்போது அதன்மேல் எரிவது எல்இடி. கழற்றிய குழல்கள் ஆறும், முனைகள் கருத்தபடி, அட்டையில் சுற்றிக் கொட்டகையில் நிற்கின்றன. நகராட்சி நச்சுக்கழிவு வாங்கும் நாள் வசந்தத்தில்தான் வருமாம்.